யூரியா மணக்காத தோட்டம்

அத்தியாயம் ஐந்து

செத்த மாட்டைச் சுற்றி ஓர் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. மாட்டுக்காக ஒருவரும் பொத்தவில்லை. அது விடியத்தான் செத்தது, இன்னும் நாறத் தொடங்கவில்லை. அவர்கள் மூக்கைப் பொத்தியது பக்கத்தில் இருந்த ஓலைக் கொட்டிலைப் பார்த்து. கொட்டில் வாசலில் லூர்த்தம்மா நின்றார். அவருக்குப் பின்னால் மகள் யோசப்பின் கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மனிசரைப் பார்த்து மூக்கைப் பொத்துகிற மனிசரைக் கண்டால் எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருக்கும்.

எங்களிலும் ஒரு நாற்றம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி எஞ்சினை ஏமாற்றிவிட்டு மிச்சத் தூரம் முழுக்க மண்ணெண்ணெயில் ஓட்டுகிற மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் நாங்கள். யுத்தம் என்று கொழும்பு போட்ட தடை பெற்றோலுக்கு மட்டுமில்லை, சவர்க்காரத்துக்கும் என்பதால் என் சேலை பனம்பழத்தில் தோய்த்தது. ஆனால் எங்களைப் பார்த்து ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. துப்பறிய வந்தவர்களுக்கு அந்தளவு மரியாதை இருந்தது.

துப்பறிகிறவர் தியாகராசா ஐயா. முன்னாள் சப்-இன்ஸ்பெக்டர். பொலிஸ் நிலையங்கள் பூட்டுப்பட்ட பிறகு யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அறை எடுத்து, காணாமல் போன நகை, காணாமல் போன மருமகன், எல்லை வேலிக் கதியாலை நகர்த்தின அயலவன் என்று கிடைத்ததையெல்லாம் துப்பறிகிறார். மூளை கத்தி. மூக்குத்தான் கட்டை. மூக்குத்தூள் போட்டுப் போட்டு அது செத்து எத்தனையோ காலம், மல்லிகைக்கும் மலசலகூடத்துக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. என்னைத் தட்டச்சுக்கென்று வேலைக்கு எடுத்தார். தட்டச்சு நாடா வராமல் போன பிறகு மூக்குக்காக வைத்திருக்கிறார். என் பெயர் ஸ்ரெல்லா.

இணுவிலுக்கு எங்களைக் கூப்பிட்டவர் குணலட்சுமி அம்மா. கணவன் இல்லை, பிள்ளைகள் கனடாவில். கோயில் அன்னதானத்துக்கு முதல் படி அரிசி அவருடைய கையால்தான் அளக்கப்பட வேண்டும் என்று ஊரில் ஓர் எழுதாத சட்டம். மீன்பிடிக்கிற குருநகரில் ஷெல் விழுந்து வீடு போன லூர்த்தம்மாவுக்கும் மகளுக்கும் தன் சீதனக் காணியின் மூலையில் கொட்டில் போட்டு இடம் கொடுத்தவரும் அவர்தான். யோசப்பினின் புருசன் லியோன் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. அந்தக் குழந்தைக்கு உலகத்தில் இருந்த ஒரே கூரை அந்தக் கொட்டில்.

அதைத்தான் பிரிக்கப்போகிறேன் என்று நின்றார் இராசநாயகம். குணலட்சுமி அம்மாவின் தமையன், பக்கத்துத் தோட்டக்காரர், செத்த மாட்டின் சொந்தக்காரர். சால்வையின் ஒரு தலைப்பு தோளில், மற்றத் தலைப்பு மூக்கில்.

"பொழுதுபடமுந்தி உந்தக் கொட்டில் பிரிபடும். உவள் மீன் கழுவின தண்ணியைக் குடிச்சுத்தான் என்ரை மாடு செத்தது" என்றார். காணி தங்கச்சியின் பெயரில் இருந்தால் என்ன, ஊர் தன் பக்கம் நிற்கிறது என்றும் சொன்னார். ஊர் தலையாட்டியது. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் இந்த ஊர் வேலிப் பொட்டுக்குள்ளால் கையை நீட்டி லூர்த்தம்மாவிடம் திரளி மீன் வாங்குகிறது என்பது எனக்குப் பிறகு தெரியவந்தது. வாங்குவது மட்டுமில்லை. குடல் எடுத்து, செதில் சீவி, கழுவித் தரச் சொல்லித்தான் வாங்குகிறார்கள். மீன் அவர்களுடைய சட்டிக்கு, குடல் லூர்த்தம்மாவின் கணக்கில். தூ!

குணலட்சுமி அம்மா எங்களைத் தனியே கூட்டிக்கொண்டுபோய்க் கண்ணைத் துடைத்தார். ஏதிலிகளாய் வந்த சனத்தைத் தெருவில் விடுவது மகா பாவம் என்றார். மாடு வேறு எதனாலோ செத்தது என்று மட்டும் நாங்கள் காட்டிவிட்டால் போதும், அந்தச் சனம் அந்த மூலையிலேயே இருக்கட்டும் என்றார். கேட்க எனக்கு நெஞ்சு இளகியது. என்னுடைய நெஞ்சுக்கும் ஒரு மூக்கு வைத்துப் படைத்திருக்கலாம் ஆண்டவர்.

ஐயா மாட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். வயிறு தவில் மாதிரி ஊதியிருந்தது, வாயில் நுரை. பிறகு தொட்டியடிக்குப் போனார். தமையனுக்கும் தங்கச்சிக்கும் பங்கான கிணற்றிலிருந்து வருகிற வாய்க்கால் முதலில் இராசநாயகத்தின் தோட்டத்தை ஒட்டி வந்து, பிறகு லூர்த்தம்மாவின் மூலையைத் தொட்டுக்கொண்டு, மாட்டுத் தொட்டியில் விழுகிறது. முதல் நாள் இரவு கார்த்திகை மழை வெளுத்து வாங்கியிருந்தது. மூலையில் மீன் குடல் புதைக்கிற கிடங்கு நிரம்பி வாய்க்காலுக்குள் வழிந்திருந்தது.

"பிள்ளை, மணம் என்ன சொல்லுது?" என்றார் ஐயா.

கிடங்குப் பக்கம் குனிந்தேன். குருநகரில் பிறந்தவள் நான். மீன் நாற்றத்துக்குள் சோறு தின்று, படித்து, பெரியபிள்ளை ஆனவள். அழுகின மீன் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அது வயிற்றைப் பிடிக்கும். இங்கே வந்தது கண்ணைப் பிடித்தது. விடியற்காலை ஆட்டுப்பட்டி மாதிரி, இரவு முழுக்க ஊறவிட்ட பிள்ளைத்துணி மாதிரி, மூக்கின் அடியில் ஊசியாய்க் குத்தியது.

"மீன் தவில் அடிக்குது ஐயா. நாதசுரம் வேறை ஆரோ வாசிக்கினம்" என்றேன்.

"ஆரெண்டு பாப்பம். நாதசுரக்காரரைத் தேடி அளவெட்டிக்கு ஆள் அனுப்பத் தேவையிராது" என்றார் ஐயா.

அடுத்த சாட்சி வாலை ஆட்டிக்கொண்டு தானாகவே வந்தது. இராசநாயகத்தின் நாய். விடிய மாடு தொட்டியில் வாய் வைத்தபோது நாயும் பக்கத்தில் நின்று அதே தண்ணீரை நக்கியது என்று யோசப்பின் சொன்னாள். மாடு கொஞ்ச நேரத்தில் கால் நடுங்கி விழுந்தது. நாய் இப்போது என் செருப்பைத் தின்னலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது.

நாயைக் கொல்லாத நஞ்சு மாட்டை மட்டும் எப்படிக் கொன்றது என்று ஐயா கேட்டார். நாய் எதையும் தின்னும் பிறவி என்றார் இராசநாயகம். ஆனால் மீன் தண்ணீர் என்றால் மாடு கிட்டவே போயிராதே என்று நான் கேட்டேன். கூட்டத்தில் இரண்டு பேர் மூக்கிலிருந்து கையை எடுத்துத் தலையைச் சொறிந்தார்கள். ஓர் ஊர் யோசிக்கத் தொடங்கும்போது முதலில் தலையைத்தான் சொறிகிறது.

கொட்டிலுக்குப் பின்னால் லூர்த்தம்மா பூசணி போட்டிருந்தார். மீன் செதில் கொட்டுகிற இடத்தில் கொடி கரும்பச்சையாய், இலை ஒவ்வொன்றும் சுளகு அளவில். அதே கொடி கிடங்குப் பக்கம் திரும்பிய இடத்தில் நுனி கருகி, நெருப்புப் பட்டதுபோலச் சுருண்டு கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இராசநாயகத்தின் புகையிலைக் கன்றுகள். அவற்றைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாய் இருந்தது. சோகை பிடித்த மஞ்சள். மண் மட்டும் பார்வைக்கு நல்ல சிவப்பு. கையில் எடுத்தால் செங்கல் தூள். ஒரு புழு இல்லை, ஒரு வேர்த் துண்டு இல்லை.

முந்தி இந்தத் தோட்டத்தில் பூவரசங்குழை வெட்டி மண்ணுக்குள் தாட்டதாம், எருவுக்கு மாட்டுப் பட்டி அடைத்ததாம். பசளைப் பை வந்த பிறகு அதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று விட்டுவிட்டாராம் இராசநாயகம். வருடக்கணக்காக வெள்ளைப் பசளை, மேலும் வெள்ளைப் பசளை. இப்போது கொழும்பிலிருந்து யூரியா வரத் தடை. இயக்கப் பொடியள் அதில் வெடிமருந்து ஆக்கிவிடுவார்களாம். பயிர் பசியில் நிற்கிறது, மண் கையை விரிக்கிறது. இதைச் சொல்லும்போது மட்டும் இராசநாயகத்தின் குரலில் சண்டை இல்லை. ஆனாலும் நான் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். சொந்த மாட்டைக் கொன்றாவது ஒரு தாயையும் குழந்தையையும் துரத்தக்கூடிய ஆள் என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

அந்த நேரத்தில் ஐயா கூட்டத்தைப் பார்த்து ஒரு விசித்திரமான உதவி கேட்டார். ஒரு சிறங்கை யூரியா வேண்டும், யாரிடமாவது இருக்கிறதா? தந்தால், மாடு செத்தது இராசநாயகத்தின் தோட்டத்தாலா லூர்த்தம்மாவின் கிடங்காலா என்று இரண்டு போத்தலில் காட்டிவிடுகிறேன் என்றார்.

ஊர் சிரித்தது. யூரியா கண்டு இரண்டு வருடம் என்றது. இராசநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்திருந்தால் என் கன்று இப்படி நிற்குமா என்று கேட்டார். குணலட்சுமி அம்மா மட்டும் வீட்டுக்குள் போனார். வரும்போது கையில் ஒரு கிண்ணம்.

"பழைய மிச்சம் ஐயா. குசினித் தட்டிலை ஒரு பேப்பர்ச் சுருளுக்குள்ளை கிடந்தது. அந்தச் சனத்துக்கு நீதி கிடைக்கிறதெண்டால் இதென்ன பெரிய காரியம்" என்றார்.

ஐயா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். நான் அந்த அம்மாவைக் கும்பிடாத குறை.

இரண்டு ஜாம் போத்தல். ஒன்றில் இராசநாயகத்தின் தோட்டத்து மண். மற்றதில் லூர்த்தம்மா செதில் கொட்டுகிற, பூசணி பச்சையாய் நிற்கிற இடத்து மண். இரண்டுக்கும் ஒவ்வொரு கரண்டி யூரியா, ஒவ்வொரு சிரட்டைத் தண்ணீர். இறுக்கி மூடி, கிணற்றுக்கட்டில் வெயிலில் வைத்தார் ஐயா. சாயந்தரம் திறப்போம் என்றார்.

காத்திருக்கிற நேரத்தில் குணலட்சுமி அம்மா எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார். பனங்கட்டியோடு, கண்ணாடிக் கிளாசில். நல்ல தேத்தண்ணி. எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். குருநகர் என்றேன். ஓ என்றார். பிறகு இன்னொருமுறை தேத்தண்ணி வந்தது. ஐயாவுக்குக் கிளாசில். எனக்கு, துருப்பிடித்த விளிம்போடு, ஒரு தகரப் பேணியில்.

அந்தப் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் இருந்த இருப்பை என்னவென்று சொல்ல. குடித்தால் மானக்கேடு, வைத்தால் மரியாதைக் குறைவு. லூர்த்தம்மாவை நினைத்தேன். இந்தக் கிணற்றில் அவர்கள் தாங்களாக அள்ளக்கூடாதாம், யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு நிற்க வேண்டுமாம் என்று யோசப்பின் சொல்லியிருந்தாள். பேணியை ஐயாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"எனக்கு ஒரு கிளாஸ் தர மனமில்லாத மனிசி, உவைக்கு ஒரு காணித்துண்டு தந்திருக்கிறா ஐயா. கணக்குச் சரிவருதே?"

ஐயா மூக்குத்தூள் டப்பியைத் திறந்தார், மூடினார். "நானும் ஒரு கணக்குப் பாத்துக்கொண்டிருந்தன் பிள்ளை. உன்ரை கணக்கு அதைவிடத் துப்பரவு" என்றார்.

பிறகு லூர்த்தம்மாவிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மீன் குடலை அந்தக் கிடங்கில்தான் புதைக்க வேண்டும் என்று யார் சொன்னது? லூர்த்தம்மா நிலத்தைப் பார்த்தார். தாங்கள் வர முன்பே அம்மா அந்தக் கிடங்கை வெட்டுவித்திருந்தார் என்றும், குடலை அங்கேயே கொட்ட வேண்டும், ஆழமாய்த் தோண்டக்கூடாது என்றும் சொன்னதாய் மெதுவாய்ச் சொன்னார்.

வெயில் சாய்ந்தபோது கூட்டம் திரும்ப வந்தது. கொட்டிலைப் பிரிக்கக் கத்தியும் கயிறும் கொண்டுதான் வந்தது. யோசப்பின் மூட்டை கட்டி முடித்திருந்தாள். குழந்தை மூட்டையின்மேல் தூங்கியது.

ஐயா முதல் போத்தலை இராசநாயகத்திடம் கொடுத்து, திறந்து மணக்கச் சொன்னார். அது அவருடைய சொந்த மண். இராசநாயகம் மணந்தார். திரும்ப மணந்தார். ஒன்றும் இல்லை என்றார். நானும் மணந்தேன். ஈர மண் மணம்கூட இல்லை, சும்மா தண்ணீர்.

இரண்டாவது போத்தல் லூர்த்தம்மாவின் மண். மூடியைத் திருகியதுதான் தாமதம், இராசநாயகம் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கண்ணைக் கசக்கினார். அதே ஊசி. அதே ஆட்டுப்பட்டி. காலையிலிருந்து ஊர் முழுக்க மீன் என்று பொத்திக்கொண்டு நின்ற அதே நாற்றம், மீனில்லாத போத்தலுக்குள்ளே இருந்து வந்தது.

"மீன் மணமில்லை உது. யூரியாவின்ரை மணம்" என்றார் ஐயா.

யூரியா மணப்பதில்லையே என்று கூட்டம் முணுமுணுத்தது. பையில் இருக்கும்போது மணக்காது என்று ஐயா விளக்கினார். விவசாயப் பகுதியில் வேலை செய்த மைத்துனர் ஒருவர் அவருக்கு இருந்தார். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் மண்ணைப் பற்றியே கதைத்து எல்லாரையும் கொன்ற மனிசன். அவர் சொன்னதை ஐயா அன்றைக்கு அப்படியே ஒப்புவித்தார். உயிருள்ள மண்ணில் நொதியம் இருக்கும். தோசை மாவைப் பொங்கவைக்கிற புளிப்புப் போல ஒரு சாமான். யூரியா விழுந்ததும் அது அறுத்து ஆவியாக்கும், அந்த ஆவிதான் கண்ணைக் குத்துவது. நொதியத்தை ஆக்குவது மண்ணில் உள்ள கண்ணுக்குத் தெரியாத சீவராசிகள். அவற்றுக்குச் சாப்பாடு குழை, எரு, குடல், செதில். சாப்பாட்டை நிறுத்திவிட்டு வெள்ளைப் பசளை மட்டும் கொட்டிக்கொண்டு வந்தால், அவை வேலையை விட்டுப் போய்விடும். ஊட்டி ஊட்டி வளர்த்த பிள்ளைக்குக் கடிக்கத் தெரியாமல் போனது போல.

"மாட்டின்ரை வயித்துக்குள்ளையும் இதே நொதியம்தான். அதாலை மாடு செத்தது. நாயின்ரை வயித்திலை அது இல்லை. அதாலை நாய் நிக்குது" என்று முடித்தார்.

எல்லாரும் இராசநாயகத்தைப் பார்த்தார்கள். யூரியா தண்ணீரில் கலந்திருக்கிறது, வாய்க்கால் அவருடைய தோட்டத்தை ஒட்டி வருகிறது, அவருடைய மண்ணில் போட்டால் காட்டிக்கொடுக்கவும் காட்டிக்கொடுக்காது. நானும் பார்த்தேன். "அண்ணை, நீங்களா?" என்று குணலட்சுமி அம்மா நெஞ்சில் கை வைத்தார்.

ஐயா அந்தக் கிண்ணத்தை எடுத்தார். மிச்ச யூரியாவைத் தன் உள்ளங்கையில் கொட்டினார். வெள்ளை மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஜவ்வரிசி மாதிரி உருண்டன.

"இந்த மழைக்கு எங்கடை வீட்டிலை உப்புப் போத்தலே அழுது வடியுது, அம்மா. ரெண்டு வருசமாய்ப் பேப்பர்ச் சுருளுக்குள்ளை கிடந்த யூரியா கல்லாய்ப் போயிருக்க வேணும். இது நேத்துப் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கு" என்றார். "போத்தல் பாதிதான் சோதனை. மற்றப் பாதி தூண்டில். ஆர் யூரியா கொண்டு வாறது எண்டு பாக்கத்தான் கேட்டனான்."

ஐயா கிடங்கைத் தோண்டச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை, மீன் குடல் அல்லவா. இராசநாயகமே மண்வெட்டியை எடுத்தார். ஒரு முழம் குடலும் சேறும். அதன் கீழே தகரம். தகரத்தின் கீழே பொலித்தீன் சுற்றி, வரிசையாய், யூரியா மூட்டைகள். ஓரத்து மூட்டையைத் தகரத்தின் விளிம்பு கிழித்திருந்தது. அதற்குள்ளே மழை போய்வந்திருந்தது.

தடைக்குத் தப்பி, கடற்களப்பால் வள்ளத்தில் குணலட்சுமி அம்மாவுக்கு வந்த சாமானாம். புகையிலைக்குப் பசளை வைக்கிற காலத்தில் விற்க இருந்ததாம். யாருக்கு? இந்த ஊருக்குத்தான், சொந்தத் தமையனுக்கும் சேர்த்து. ஒளிக்க இடம் வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும். மீன்காரச் சனத்தின் குப்பைக் கிடங்குக்குள்ளே இணுவிலில் எவன் கை வைப்பான்? அந்தச் சனம் துரத்துப்பட்டால் கிடங்கும் கிளறுபடும், அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டதும் யூரியா எடுத்துத் தந்ததும். ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதை கேட்டிருக்கிறேன். ஆட்டை நனையவிட்டு, அதன் நாற்றத்தில் தன் களவை மூடிவைத்த ஓநாயை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். தமையனுடைய செத்த மண்ணில் புதைத்திருந்தால் ஒரு மூக்குக்கும் தெரிந்திராது. ஏழையின் மீன் குடல் அந்த மூலை மண்ணுக்கு உயிர் கொடுத்தது, உயிர் வந்த மண் வாயைத் திறந்துவிட்டது.

அதைவிட அருவருப்பு இனித்தான் இருந்தது. மூட்டையைக் கண்டதும் ஊர் மூக்கை மறந்துவிட்டது. காலையிலிருந்து ஓங்காளித்துக்கொண்டு நின்ற சனம் முழங்கை வரை குடலுக்குள்ளே விட்டு மூட்டை இழுத்தது. சால்வையில் அள்ளினவர்கள், சேலைத் தலைப்பில் அள்ளினவர்கள், கொட்டில் கட்டுகளை அறுக்கக் கொண்டுவந்த கத்தியால் பொலித்தீனைக் கிழித்தவர்கள். செத்த மாட்டின்மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஒரு மனிசர் அள்ளினார். கோயில் திருவிழாவில் சாமி காவுகிறவர். ஐயாவுக்கு மூக்கில்லாதது எவ்வளவு பாக்கியம்.

குணலட்சுமி அம்மா வீட்டுப் படியில் ஏறி நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். காணி தன்னுடையது, இந்த நிமிடமே எல்லாரும் வெளியே போக வேண்டும். அவருடைய கண் லூர்த்தம்மாவில் இருந்தது. கதவு சாத்தப்பட்டது.

வென்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு லூர்த்தம்மாவிடம் போனேன். அவருடைய முகத்தில் நன்றி இல்லை. கோபம்தான் இருந்தது.

"எனக்கு மழை துவங்கின அண்டைக்கே தெரியும் பிள்ளை. மீன் நாத்தத்துக்குள்ளை பிறந்தவள் நான், உது மீனில்லை எண்டு தெரியாதோ? அவவுக்கு எங்கடை நாத்தம் தேவைப்பட்டுது. எங்களுக்கு ஒரு கூரை தேவைப்பட்டுது. வாயை மூடிக்கொண்டிருந்தன். நீங்கள் வந்து எல்லாத்தையும் திறந்துபோட்டியள். இப்ப இந்தக் குழந்தையை எங்கை படுத்துறது?"

ஐயா தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். உண்மையைக் கண்டுபிடித்தாயிற்று. உண்மைக்குக் கூரை இல்லை. பொழுது பட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கவனித்தேன், இராசநாயகம் யூரியா அள்ளவில்லை. தன் மண் இருந்த போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு வேலியடியில் நின்றார். நான் பார்க்கும்போதெல்லாம் மூக்கை அதற்குள்ளே விட்டுவிட்டு எடுத்தார். ஒரு மணமும் வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு எங்கள் பக்கம் வந்தார். கிட்ட வர வர, பழக்க தோசத்தில் சால்வை தானாக மூக்குக்கு ஏறியது. லூர்த்தம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"பிள்ளை, உவையிட்டைச் சொல்லும். என்ரை பக்கத்திலை புகையிலை உணத்திக் காயவைக்கிற மால் ஒண்டு சும்மா கிடக்கு. சீமெந்துச் சுவர், ஓடு போட்டது. அதிலை இருக்கட்டும். மீன் கழிவை என்ரை தோட்டம் முழுக்கப் புதைக்கட்டும்."

காலையில் துரத்தின வாய். அதே வாய் இப்போது அவர்களுடைய குடல் கழிவைக் கேட்கிறது, அதுவும் மூக்கைப் பொத்திக்கொண்டு. நான் எதாவது சொல்லியிருப்பேன், நல்ல வார்த்தையாய் இருந்திராது. லூர்த்தம்மா முந்திக்கொண்டார்.

"சால்வையை மூக்கிலையிருந்து எடுத்துப்போட்டு, என்ரை முகத்தைப் பாத்துக் கேக்கச் சொல்லு பிள்ளை."

கூட்டத்தில் அள்ளிக்கொண்டிருந்தவர்களில் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். இராசநாயகம் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். பிறகு சால்வையை எடுத்துக் கிணற்றுக்கட்டில் போட்டார். திறந்த கிடங்கு, குடல், யூரியா, பகல் முழுக்க வெயிலில் கிடந்து இப்போது உண்மையாகவே நாறத் தொடங்கியிருந்த மாடு, எல்லாம் ஒன்றாய் அவருடைய மூக்கில் ஏறின. கண்ணில் நீர் வந்தது. அது எதனால் வந்தது என்று நான் துப்பறியப் போவதில்லை.

"வாங்கோ, வந்து இருங்கோ. என்ரை மண் செத்துப்போச்சு" என்றார் லூர்த்தம்மாவைப் பார்த்து.

"கிணறு?" என்று கேட்டார் லூர்த்தம்மா.

இராசநாயகம் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு போத்தலைப் பார்த்தார். "நீங்களே அள்ளலாம்" என்றார்.

லூர்த்தம்மா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மூட்டையை எடுக்கச் சொல்லி யோசப்பினுக்குக் கண்ணைக் காட்டினார். மாட்டைத் தாண்டும்போது நின்றார்.

"மீனுக்கு முந்தி உந்த மாட்டைத் தாட்டுவிடுங்கோ. வேறை எங்கையும் கொண்டுபோகாதையுங்கோ. உங்கடை தோட்டத்துக்குள்ளையே தாட்டுவிடுங்கோ" என்றார்.

இராசநாயகம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தன் தோட்டத்துக்குள் இறங்கினார். சால்வை கிணற்றுக்கட்டிலேயே கிடந்தது.